ஆடுகிற ஸ்டூல்

"கழுத்துல கட்டுற ஸ்கார்ஃபை எங்கடா கட்டி வெச்சிருக்கீங்க?"

சாரணர் மாஸ்டர் கஸ்பார் சார் போட்ட சத்தத்தில் பள்ளி மைதானத்துக் காக்காய்கள் பறந்தன. பருந்து அணிப் பையன்கள் நாலு பேரும் ரம்பத்தை நிறுத்தினார்கள்.

நாலு பேரும் வலது கையை முதுகுப் பக்கம் மடக்கி, சாரணர் ஸ்கார்ஃபால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இடது கையில் ரம்பம். பென்சில் கோட்டைத் தவிர மற்ற இடமெல்லாம் அறுபட்டிருந்தது.

சனிக்கிழமை கைவேலைக் கண்காட்சி. ராயபுரத்துப் பள்ளிகளும் திருவொற்றியூர்ப் பள்ளிகளும் மோதும் போட்டி. ஹார்பர் பக்கமிருந்து வந்த பழைய பேக்கிங் பெட்டிப் பலகையில் அணிக்கொரு ஸ்டூல் செய்யச் சொல்லியிருந்தார் சார். கேடயம் நமக்குத்தான் என்று ஹெட்மாஸ்டரிடம் வாயை வேறு விட்டிருந்தார். எல்லாம் பருந்து அணியை நம்பித்தான். அதன் தலைவன் சுஃபியான் அறுத்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

"என்னடா கூத்து இது?"

"ஸ்கௌட்டுன்னா இடது கைதான் குடுக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றான் சுஃபியான்.

"அது கை குலுக்குறதுக்குடா! ரம்பம் இழுக்குறதுக்கில்ல!"

மற்ற அணிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கட்டை அவுத்துட்டு ஒழுங்கா செய்ங்க. இல்லாட்டி ஏலகிரி காம்ப்புக்கு நாலு பேரும் கிடையாது."

வருஷம் பூராவும் பேசிப் பேசி மாய்ந்த காம்ப். நாலு பேரில் ஒருவனான பாரிக்குக் கண் கலங்கிவிட்டது. சுஃபியான் அவனை ஒரு தரம் பார்த்தான். பிறகு சாரைப் பார்த்தான்.

"பரவால்ல சார். நாங்க இப்பிடியே செய்றோம்."

சாருக்குச் சுருக்கென்றது. முளைச்சு மூணு இலை விடவில்லை, அதற்குள் இத்தனை திமிரா! விருட்டென்று திரும்பி நடந்தார்.

சனிக்கிழமை, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நடுவராக வந்த நவ்ரீன் மேடம் பருந்து அணியின் ஸ்டூலில் உட்கார்ந்ததும் அது முன்னும் பின்னும் ஆடியது.

"சார், இது ஸ்டூலா, ஊஞ்சலா?"

கூட்டமே சிரித்தது. கேடயம் திருவொற்றியூருக்குப் போனது.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் முகத்தில் எப்படி விழிப்பது? கஸ்பார் சார் நாலு பேரையும் ஓரமாக அழைத்துப்போனார்.

"சொன்ன பேச்சைக் கேக்காத பசங்க எனக்கு வேணாம். ஸ்கார்ஃபைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

சுஃபியான்தான் முதலில் முடிச்சை அவிழ்த்தான்.

"இரு சார், இரு சார்!"

வாசலிலிருந்து மூச்சு வாங்க வந்தவர் டில்லிபாபு, பாரியின் அப்பா. ஹார்பர் பக்கம் பேக்கிங் பெட்டி அடித்துக்கொண்டிருந்தவர். போன வருஷம் லாரி மோதியதில் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. சார் பார்க்கப் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டவில்லை என்று ஊரே பேசிக்கொண்டது.

இன்று இடது கையில் ஒரு ஸ்டூலை அணைத்துக்கொண்டு நின்றார். அதைக் கீழே வைத்தார்.

சார் குனிந்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

"யாரு செஞ்சது?"

"நான்தான் சார்."

சார் ஸ்டூலையும் அவருடைய இடது கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எய்ந்து வா மாமா, ரம்பத்தை எடு மாமான்னு நாலும் வூட்டாண்ட வந்து ஒரே பேஜாரு சார். பீச்சாங்கையால எவன்டா ஸ்டூல் செய்வான், முழுசா ஒண்ணு செஞ்சு காட்டுங்க, அப்பால நான் எய்ந்து வர்றேன்னு சொம்மா வெரட்டி வுட்டேன். மறுநாளே ஸ்கூல் வுட்டதும் கையக் கட்டிகினு என் வாசல்ல வந்து குந்திகிச்சுங்க."

"அப்புறம்?"

"பலகைய கால்ல மிதிச்சுக்கலாம், ஆணிக்கு முன்னாடியே ஓட்டை போட்டுக்கலாம்னு அதுங்களே கண்டுபுடிச்சுதுங்க சார். ஆனா அறுக்குறது மட்டும் ஒரே கோணல். பெட்டி அடிச்சவன், அதப் பாத்துகினு எவ்ளோ நேரம் சொம்மா குந்திகினு இருப்பேன்? குட்றா ரம்பத்தன்னு புடுங்கிகினேன்."

கஸ்பார் சார் சுஃபியானைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?"

"செஞ்ச நல்லத வெளிய சொல்லிகினு திரியறவன் ஸ்கௌட்டே இல்லன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

இந்த வாண்டுகளுக்கு முன்னால் தான் எம்மாத்திரம் என்று நிஜமாகவே வெட்கமாக இருந்தது சாருக்கு. சுஃபியானின் ஸ்கார்ஃபைத் தானே வாங்கி மறுபடியும் கழுத்தில் கட்டிவிட்டார்.

"போய் ஏலகிரிக்கு மூட்டையக் கட்டுங்கடா!"

பையன்கள் கத்திய கத்தலுக்கு நவ்ரீன் மேடமே திரும்பிப் பார்த்தார். அந்த அமளியில் டில்லிபாபு தயங்கித் தயங்கி, சாரை நோக்கி இடது கையை நீட்டினார்.

"எதக் குடுத்தாலும் பீச்சாங்கையால குடுக்குறான்னு ஜனங்க மூஞ்சிய சுளிக்கும், அதுக்குப் பயந்துகினுதான் சார் வெளியவே வர்ல. உங்க ஆளுங்களுக்கு இந்தக் கைதான் மரியாதையாமே? பசங்க சொல்லிச்சு. அதான் வந்தேன்."