ஒரே பல்லவி

"இவருக்கு மூக்குக்கு மேல கோபம் வரும், மேடம். ஆளுங்களைக் கட்டி மேய்க்கத் தெரியாது."

இஸ்திரிக்காரர் சுவரைப் பார்த்தபடி ஒப்பித்துவிட்டு வெளியேறினார். நாற்காலியில் இருந்த ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் பதவி உயர்வு என்றால் இந்தக் கண்டத்தைத் தாண்டியாக வேண்டும். மேனேஜர் முன்னால், கூட வேலை செய்பவர்கள் நிறைகுறையை முகத்துக்கு நேரே சொல்வார்கள். எங்கோ தூரத்தில் திறக்கும் புதுக் கிளைக்குப் பொறுப்பாளராக ஃபோர்மேன் போவாரா என்பது இன்று முடிவாகிவிடும்.

அடுத்து மூட்டை கட்டும் அக்கா வந்தார். இஸ்திரிக்காரருக்கும் அவருக்கும் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தினமும் சண்டை.

"மூக்குக்கு மேல கோபம் வரும், மேடம். கட்டி மேய்க்கத் தெரியாது. மத்தியானம் எங்ககூட உட்கார்ந்து ஒருவாய் சாப்பிடக்கூட மாட்டார்." கண் கலங்க, விடுவிடுவென்று போய்விட்டார்.

அந்த இருவரோடும் பேச்சுவார்த்தையே இல்லாத மெஷின்காரர் கடைசியாக வந்தார். "அதேதான் மேடம். மூக்குக்கு மேல கோபம்."

மேனேஜர் பேனாவை மூடினார். "இத்தனை வருஷம் பழகினவங்க. வலிக்குதா?"

"வலிக்குது மேடம்."

ஃபோர்மேன் முகத்தை அப்படித்தான் வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. நேற்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "என்னைப் பத்தி நாலு வார்த்தை மோசமா சொல்லுங்க" என்று கெஞ்சியதே அவர்தான்.

அடுத்த தெருவில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். மத்தியானம் மகன் ஓடிப்போய் ஊட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். போகமாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னால் இங்கிருக்கிற வேலைக்கும் வேட்டு. தகுதி இல்லை என்று அவர்களே தள்ளிவிட்டால்தான் தப்பிக்கலாம்.

"அப்போ நான் போகலாமா, மேடம்?"

"உட்காருங்க. அந்த மூணு பேரையும் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போக வைக்க நான் தலைகீழா நின்னு பார்த்துட்டேன். நடக்கல. நீங்க ஒரே நாள்ல ஒரே பல்லவியைப் பாட வச்சிட்டீங்க."

பாதி எழுந்திருந்த ஃபோர்மேன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் சிரித்தபடி கை நீட்டினார். "இப்படிக் கட்டி மேய்க்கிற ஆளைத்தான் அங்க தேடிட்டு இருக்கேன். திங்கட்கிழமை கிளம்புங்க."