அஞ்சாளையின் வயிற்றில்

கடலில் சங்கு குளிக்கும் ரெக்சன் வீட்டு முற்றம் என் மதில் வழியே தெரிகிறது. மதில் தாழ்வாக இருப்பது என் குற்றமில்லை. புது மருமகனின் முதல் விருந்துக்கென்று அவர் கொண்டுவந்த, பாம்பு போல நீண்ட அஞ்சாளை மீனை மனைவி பிரகாசி கீறுகிறாள். வயிற்றிலிருந்து எட்டுக் கையுள்ள விரல் நீளப் பேய்க்கணவாய் ஒன்று வழுக்கி விழுகிறது. வெயிலில் அதன் நீல வளையங்கள் மங்கலாக மினுங்குகின்றன. “விஷம்லா இது!” என்கிறாள். “ஏளா, அதைத் தின்னுட்டும் அஞ்சாளை சொகமாத்தானே நீந்துச்சு?” என்கிறார் ரெக்சன். “நீந்துச்சா, இல்ல செத்து மிதந்ததைத் தூக்கிட்டு வந்தீகளா?” ரெக்சனின் மீசை துடிக்கிறது. பிரகாசி ஒரு துண்டைப் பூனைக்கு எறிகிறாள். அது முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. “பாத்தீகளா!” மீன் முழுதும் குப்பைக்குப் போகிறது, மருமகனுக்கு முட்டைக் குழம்புதான். சற்றுமுன் அந்தப் பூனைக்கு வயிறு நிறைய நாலு சாளை மீன் போட்டவள் நான். ரெக்சன் பூனையையே முறைத்துக்கொண்டிருக்கிறார். நான் மதிலை விட்டு மெல்லக் குனிகிறேன்.