காய்ந்த தாள்

"நீங்க செஞ்சு தரலேன்னா ஹைதம் படகு இன்ஜினுக்குத் தோட்டத்துக் குழாயை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவான்" என்று போன வாரம் மனைவி மப்ரூகா சொன்னாள்.

"இத்தாலிக்கு ஓடறவனுக்கு நானா வழி பண்ணணும்?" என்று கேட்டார் தீவின் மெக்கானிக் மொன்ஜி.

ஆனாலும் அவரே செய்தார். தூரப் பயணத்துக்காகப் படகில் இரண்டாவது டீசல் டேங்கை இன்ஜினோடு இணைக்க வேண்டும். முதல் நாள், டீசல் தாங்காத ஹோஸ் என்று கழற்றினார். மறுநாள், சூடான புகைக்குழாயை ஒட்டிப் போகிறது என்று மாற்றினார். நேற்று, இணைப்புக்கு ஒரு கிளாம்ப் போதாது என்றார்.

"உஸ்தா, நீங்க முடிக்கறதுக்குள்ள இத்தாலியே நகர்ந்து இங்க வந்துடும்" என்றான் ஹைதம், ஊர்க்காரர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவது போலவே.

"நடுக்கடல்ல கசிஞ்சா படகே எரியும்டா."

இன்று இன்ஜினை ஓடவிட்டு, இணைப்புகளில் மெல்லிய தாளைச் சுற்றி எடுத்தார்.

"கசியுது. நாளைக்குப் பார்ப்போம்."

ஹைதம் அந்தத் தாளை வாங்கி விரல்களால் தேய்த்துப் பார்த்தான்.

"ஒரு சொட்டு ஈரம்கூட இல்லையே, பாபா."

கடலுக்குக் கிளம்புகிறவனிடம் அந்தத் தீவில் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டு. மொன்ஜி ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"போகாதேடா, மகனே."