வம்சச் சான்றிதழ்

மகள் இளவேனில் சார்லஸைத்தான் கட்டிக்கொள்வேன் என்றதும், மானஸ்தர் தணிகாசலம் அரசாங்கத்தின் வம்சப் பதிவு நிலையத்துக்கு ஓடினார். தன் பரம்பரையில் சார்லஸின் சாதி ஆட்களின் ரத்தம் ஒரு சொட்டும் கிடையாது என்று அவருக்குச் சான்றிதழ் வேண்டுமாம்.

பழைய மக்கள்தொகைக் கணக்கையும் கல்யாணப் பதிவுகளையும் அலசிய நிலையத்து இயந்திரம் சொன்னது: "உங்க அப்பாவைப் பெத்தவங்க ஞானம்மா. அவங்க அண்ணன் பேரன்தான் சார்லஸோட அப்பா. பையன் உங்களுக்கு மருமகன் முறை."

"அந்தப் பொம்பளையைப் பதிவுலேருந்து அழிச்சிடு."

"அழிச்சா உங்க அப்பாவும் நீங்களும் சேர்ந்து போயிடுவீங்க. பொண்ணு மட்டும் தாய் வழியில நிக்கும்."

"மானம்தான் பெருசு. அழி."

மறுவாரம், கல்யாணத்தைத் தடுக்கப் பதிவு அலுவலகத்துக்குள் பாய்ந்தார். எழுத்தர் திரையைப் பார்த்தார்.

"பொண்ணுக்கு அப்பான்னு யாருமே பதிவுல இல்லையே. வேடிக்கை பார்க்க வந்தவங்க வெளியில நில்லுங்க."