பிராக்கெட் வழக்கு

ஒரு பிராக்கெட்டுக்காகப் புருஷனும் பொண்டாட்டியும் மூன்று வாரமாகப் பேசிக்கொள்ளவில்லை என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே வேலை. புரோகிராம் எழுதுவது.

ஒரு கட்டளையை எழுதியதும் வரும் திறக்கும் பிராக்கெட்டை, அதாவது { என்ற குறியை, அதே வரியின் கடைசியில் போட வேண்டும் என்பது அவன் கட்சி. அது அடுத்த வரியில் தனியாக நிற்க வேண்டும் என்பது அவள் கட்சி. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்கு இல்லாத ரோஷம் இவர்களுக்கு.

காலையில் அவன் எழுதியதை மத்தியானம் அவள் மாற்றுவாள். சாயங்காலம் அவன் திருப்பி மாற்றுவான். வேலை ஓர் அங்குலம் நகரவில்லை. கடைசியில் அறையின் இரண்டு கோடியில் மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மேனேஜர், "கூப்பிடு இலக்கணத்தை!" என்றார்.

இலக்கணம் என்பது கூட வேலை பார்க்கும் ஒரு மூத்தவரின் பட்டப்பெயர். யார் எப்படிக் கன்னாபின்னாவென்று எழுதினாலும் வரி பிரித்து, இடம் விட்டு, ஒழுங்காக்கித் தரும் ஒரு டூலை அந்த மனிதர் செய்துகொண்டிருந்தார். ஆபீசில் அதற்குச் செல்லப்பெயர் சீப்பு. சீப்புக்குத் தானாக ஒன்றும் தெரியாது. எது கட்டளைச் சொல், எது வெறும் குறிப்பு, மேற்கோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த பிராக்கெட்டுக்கு எது ஜோடி என்று அத்தனையையும் ஒரு ஃபைலில் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாம் எழுதியாகிவிட்டது. ஒரே ஒரு வரிதான் பாக்கி.

திறக்கும் பிராக்கெட் எங்கே?

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த வரியை எழுதுங்க. அதுக்கப்புறமும் சண்டைன்னா, ரெண்டு பேர்ல ஒருத்தரை வேற ஊர் கிளைக்குத் தூக்கிடுவேன்" என்றார் மேனேஜர்.

இலக்கணத்துக்குப் பகீரென்றது. கல்யாணமாகி எட்டு மாசம்கூட ஆகவில்லை அவர்களுக்கு.

முதலில் அவன் டீயோடு வந்தான்.

"அண்ணா, வீட்ல சோபாவை எங்க போடறதுங்கறதுல இருந்து எல்லாமே அவ இஷ்டம்தான். இது ஒண்ணாவது என் இஷ்டப்படி இருக்கட்டும்ணா."

அவன் தலை மறைந்ததும் அவள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள்.

"அண்ணா, அவர் பிடிச்ச முயலுக்கு மூணே கால். வீட்ல எல்லாம் அவர் வெச்சதுதான் சட்டம். இது ஒண்ணாவது நான் சொன்னபடி நடக்கக் கூடாதா?"

இலக்கணம் டீயையும் குடித்தார், ஆரஞ்சையும் தின்றார்.

வெள்ளிக்கிழமை அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தீர்ப்பு உன் பக்கம்தான் தம்பி. அவகிட்ட குத்திக்காட்டாதே" என்றார். பத்து நிமிஷம் கழித்து அவளிடம், "தீர்ப்பு உன் பக்கம்தாம்மா. அவன்கிட்ட பெருமை அடிச்சுக்காதே" என்றார்.

பக்கத்து மேஜைக்காரிக்கு இரண்டும் காதில் விழுந்துவிட்டது.

"இந்த வயசுல இப்படி ரெட்டை வேஷம் போடறீங்களே, வெட்கமா இல்ல? என்னிக்காவது சாயம் வெளுக்கும் பாருங்க."

இலக்கணம் சீப்பின் ஃபைலில் ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரி எழுதியிருந்தார். சேமிக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி. ஆனால் அவன் மேஜையில் திறந்தால் பிராக்கெட் அவன் இஷ்டப்படி; அவள் மேஜையில் திறந்தால் அவள் இஷ்டப்படி.

மறுநாளே இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். வேலை கிடுகிடுவென்று நடந்தது. மேனேஜர் கிளை மாற்றும் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டு மாசம் கழித்து அவன் வந்து நின்றான். முகம் சரியில்லை.

"நேத்து ஸ்கூட்டர் சாவி வாங்க அவ மேஜைக்குப் போனேண்ணா. ஸ்கிரீனைப் பார்த்துட்டேன்."

இலக்கணம் அவசரமாக ஃபைலை மூடினார்.

"பாவம்ணா அவ. தான் ஜெயிச்சதா நெனச்சு எவ்வளவு சந்தோஷமா இருக்கா! நானும் இத்தனை நாள் அதே நெனப்புல காலரைத் தூக்கி விட்டுட்டுத் திரிஞ்சிருக்கேன். கூச்சமா இருக்கு. என் மேஜையிலயும் அவ முறையையே வெச்சிடுங்க. அவளுக்கு மட்டும் தெரிய வேணாம். சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினார்.

மத்தியானம் அவள் வந்தாள்.

"அண்ணா, அவர் லீவு போட்ட அன்னிக்கு அவர் மேஜையில உட்கார்ந்தேன். எனக்கு எல்லாம் தெரியும்."

"அம்மா, அது வந்து..."

"உங்க மேல கோபம் இல்லண்ணா. தான் ஜெயிச்சதா நெனச்சும் ஒரு நாள்கூட என்னைக் குத்திக்காட்டலையே அந்த மனுஷன்! என் மேஜையிலயும் அவர் முறையையே வெச்சிடுங்க. அவர்கிட்ட மூச்சு விடக் கூடாது. சத்தியம்?"

அதையும் பண்ணித் தொலைத்தார்.

பக்கத்து மேஜைக்காரி இந்த முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ தூசி என்றாள்.

இலக்கணம் ஃபைலைத் திறந்து அவன் வரியை அவளுக்கும் அவள் வரியை அவனுக்கும் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது மேனேஜர் எட்டிப்பார்த்தார்.

"என்னங்க, அந்த ரெண்டு பேரும் இப்பவாவது ஒத்துப்போறாங்களா?"

"எங்க சார்! விட்டுக்கொடுக்கறதுலகூட எதிரும் புதிருமாத்தான் நிக்கறாங்க."