ஆறாம் அத்தியாயம்

"என்னால படிக்க முடியல, சார்" என்றார் பல் டாக்டர்.

கூடத்தில் இருந்த எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சின்ன மகள் டீத்தட்டை மேஜையில் வைத்துவிட்டாள்.

அந்த வீட்டுக்குள் யார் வந்தாலும் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் முதலில் கேட்பது, "இப்ப என்ன புத்தகம் படிச்சுக்கிட்டிருக்கீங்க?" என்பதுதான். குழாய் ரிப்பேருக்கு வந்தவர்கூட அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் குளியலறைக்குள் போக முடியும்.

பெண் கேட்டு வருகிறவருக்குப் பரீட்சை இன்னும் கொஞ்சம் கடுமை. கண்ணாடி அலமாரியைத் திறந்து, நீல அட்டை போட்ட ஒரு தடித்த நாவலை எடுத்துக் கொடுப்பார்.

"என் உயிருக்கு உயிரான புத்தகம். எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கே இல்ல. படிச்சிட்டு வாங்க. அப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்."

மூத்த மாப்பிள்ளை அப்படித்தான் தேறினார். இப்போது சின்ன மகள் விரும்புகிற பல் டாக்டரின் முறை.

"முடியலைன்னா? நேரமில்லையா?" என்றார் தலைமை எழுத்தர்.

"நேரம் இருந்தது, சார்."

"புரியலையா?"

"அஞ்சாவது அத்தியாயம் வரைக்கும் நல்லாவே புரிஞ்சுது. ஆறாவதுதான்..."

"ஆறாவதா?" மூத்த மாப்பிள்ளை சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுதானே மாமா கதைக்கே உயிர்நாடி? அதைப் படிச்சப்ப எனக்குக் கண்ணீர் நிக்கல. பேங்க்ல என் சீட்லயே உட்கார்ந்து அழுதேன்."

"கேட்டீங்களா தம்பி? இதுக்குப் பேர்தான் ரசனை. எனக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல தொண்டை அடைச்சுக்கும்."

பல் டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் குனிந்து தன் கால் கட்டைவிரலைப் பார்க்க ஆரம்பித்தார்.

"சரி, வேற என்னதான் படிப்பீங்க?"

"துப்பறியும் கதைதான் சார். ஊசி போட்ட பிறகு வாய் மரத்துப்போகக் கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள நாலு பக்கம் ஓட்டிடுவேன்."

"துப்பறியும் கதையா? அதெல்லாம் ஒரு புத்தகமா?" தலைமை எழுத்தரின் முகம் கசந்தது. "அந்தக் குப்பையெல்லாம் இந்த வீட்டு வாசப்படியே ஏறக் கூடாது."

"ஊரையே வாயைத் திறக்கச் சொல்றவர், நல்ல புத்தகம்னா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கறாரு மாமா" என்று மூத்த மாப்பிள்ளை சிரித்தார்.

தலைமை எழுத்தர் சிரிக்கவில்லை. "ஒரு அத்தியாயத்தைத் தாண்ட முடியாதவர், என் பொண்ணோட ஒரு ஆயுசை எப்படித் தாண்டுவார்? மன்னிச்சுக்குங்க தம்பி. இது சரிப்பட்டு வராது."

"அப்பா..." சின்ன மகளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

"நீ அழாதே. இந்தா, அந்த ஆறாவது அத்தியாயத்தை நீயே சத்தமாப் படி. இவர் எதைக் கோட்டை விட்டாருன்னு உனக்கும் தெரியட்டும்."

பல் டாக்டர் பதறி எழுந்தார். "வேண்டாம் சார். தப்பு என் மேலதான், ஒத்துக்கறேன். புத்தகத்தை உள்ள வெச்சிடுங்க. நான் கிளம்பறேன்."

"பயத்தைப் பாருங்க" என்றார் மூத்த மாப்பிள்ளை.

பல் டாக்டர் சின்ன மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு வாசலுக்குப் போனார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஐந்தாம் அத்தியாயம் முடிந்த பக்கத்தைப் புரட்டிப் படித்தாள்.

"'கழிச்சல் கண்ட கோழிகளை உடனே தனிக் கூண்டுக்கு மாற்ற வேண்டும். எச்சத்தின் நிறத்தைத் தினமும் கவனித்து வர வேண்டும்...'"

நிறுத்தினாள். அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அதற்கடுத்ததையும் புரட்டினாள்.

"கோழிப் பண்ணை வெக்கறது எப்படின்னு போட்டிருக்குப்பா. பைண்டிங் பண்ணும்போது வேற புத்தகத்துப் பக்கமெல்லாம் இதுல சேர்ந்துடுச்சு. ஆறாவது அத்தியாயமே இதுல இல்ல. கோழி முடிஞ்சதும் நேரா ஏழாவதுதான்."



தலைமை எழுத்தரின் மனைவிதான் முதலில் பேசினாள். "கோழிக்கு வயித்தால போனதுக்கா மாப்பிள்ளை, பேங்க்ல உட்கார்ந்து அழுதீங்க?"

மூத்த மாப்பிள்ளை காலி டீ கிளாஸை எடுத்து மும்முரமாகக் குடிக்க ஆரம்பித்தார்.

மனைவியின் பார்வை மெல்லத் தன் பக்கம் திரும்புவதைத் தலைமை எழுத்தர் கவனித்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் எழுந்து வாசலுக்கு விரைந்தார்.

பல் டாக்டர் படியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கோழி விஷயத்தை அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கல்யாணம் நின்னுருக்காதே."

"சொல்லியிருந்தா, நீங்களும் படிக்கலைன்னு தெரிஞ்சு போயிருக்கும், சார். பெத்த பொண்ணு முன்னாடி உங்களுக்கு அப்படி ஒரு தலைகுனிவு வேண்டாம்னு நினைச்சேன்."

தலைமை எழுத்தருக்கு இந்தத் தடவை நிஜமாகவே தொண்டை அடைத்துக்கொண்டது.

"சார் என்ன சார்? மாமான்னு கூப்பிடுங்க. உள்ள வாங்க."

பல் டாக்டர் திகைத்துப்போய்ச் செருப்பைக் கழற்றினார். தலைமை எழுத்தர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

"அடுத்த தடவை வரும்போது அந்தத் துப்பறியும் கதையில புதுசா ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க, மாப்பிள்ளை. அலமாரிக்குப் பின்னாடி நான் ஒளிச்சு வெச்சிருக்கறதையெல்லாம் படிச்சு முடிச்சிட்டேன்."