அவரவர் துண்டு

"இந்த வருஷம் கால் கழுவுறதுக்கு அவங்கவங்க துண்டை அவங்கவங்க கொண்டு வாங்க," என்றார் எங்கள் சபை மூப்பர் ஆம்சி, ஞாயிறு ஆராதனை முடிவில்.

சபை மொத்தமும் லெஸ்டரின் காலணியைத் திரும்பிப் பார்த்தது. நானும்தான்.

கனடாவின் ஒன்டாரியோவில் எங்கள் மெனனைட் கிறிஸ்தவ சபையில், இயேசு சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, புனித வியாழனன்று ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒருவர் காலை ஒருவர் கழுவிவிடுவோம். வரிசைக்கு ஒரே துண்டு. அதுதான் வழக்கம்.

லெஸ்டரின் மனைவி சலிண்டா வாசலிலேயே ஆம்சியை மடக்கினாள்.

"பேரைச் சொல்லியே அவமானப்படுத்தியிருக்கலாமே?"

"யார் பேரையும் நான் சொல்லலையே, சலிண்டா."

"சொல்லணுமா? யார் உள்ளங்கால்ல மரு இருக்குன்னு எங்க தொழுவத்து மாட்டுக்குக்கூடத் தெரியும்."

"அது ஒட்டிக்கிற சமாச்சாரம். ஈரத்தரை, அடுத்தவங்க துண்டு..."

"தேரையைத் தொட்டா மரு வரும்னு போன வருஷம் வரைக்கும் சொல்லிட்டிருந்தவர்தானே நீங்க? எப்ப டாக்டரானீங்க?"

ஆம்சி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வியாழக்கிழமை என் புருஷன் தனியா உட்கார்ந்தார்னா, அடுத்த ஞாயிறு எங்களை இந்தச் சபையில தேடாதீங்க."

வியாழக்கிழமை லெஸ்டர் என் பக்கத்தில், காலணியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு.

"நான் பார்த்துட்டிருக்கேன். நீங்க நடத்துங்க," என்றார் பொதுவாக.

ஆம்சி வாளியோடு வந்தார். எல்லா வருஷமும் லெஸ்டருக்கு ஜோடி அவர்தான். பெஞ்சைப் பிடித்து மெல்ல மண்டியிட்டார். பையிலிருந்து பால் கறக்கப் போடும் ரப்பர் கையுறையை எடுத்து மாட்டினார்.

பெண்கள் பக்கம் சலிண்டா எழுந்துவிட்டாள்.

"மாட்டு மடியைத் தொடுற கையுறை," என்றார் லெஸ்டர் மெதுவாக. "அதுக்கு என்னைத் தொடாமலே போயிருக்கலாமே, ஆம்சி."

"காலை நீட்டு."

"வேண்டாம்ப்பா."

"நீட்டுடா. முட்டி போட்டு உட்கார முடியல."

லெஸ்டர் காலணியைக் கழற்றிக் காலை நீட்டினார். ஆம்சி நிதானமாகக் கழுவினார். லெஸ்டரின் துண்டாலேயே விரலிடுக்கு விடாமல் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மூட்டுவலிக்கு எனக்கு ஒரு ஊசி போடுறாங்க. அது உடம்புல இருக்கிற எதிர்ப்பு சக்தியைக் குறைச்சிடுமாம். எனக்கு மரு ஒட்டினா கையெல்லாம் பரவிடும், லேசுல போகாதுன்னு டாக்டர் சொல்றார்."

லெஸ்டர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொன்னா நீ வேற பெஞ்சுல போய் உட்கார்ந்திருப்பே."

"டாக்டர் வேற என்ன சொன்னார்?"

"இந்த வருஷம் ஆளை மாத்துன்னார்." ஆம்சி எழுந்திருக்க லெஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டார். "நான் துண்டை மாத்தினேன்."